ஒரு இன்ஹேலரும் மூன்று மாதக் காத்திருப்பும்

பதினைந்து வயதில் எனக்கு விடாத இருமல். டாக்டர் ஒரு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் இழுத்தேன், இருமல் நின்றது, அத்தோடு மறந்துபோனேன். ஆறு வருடம் கழித்து அமெரிக்க இராணுவத்தில் சேரப் போனபோது அந்த இன்ஹேலர் குறுக்கே வந்து நின்றது.

பாதுகாப்புத் துறையின் மருத்துவ விதிப்படி, 13வது பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் தகுதி இல்லை. ஆஸ்துமா என்ற பெயர்கூட வேண்டாம், மூச்சுக்குழாய் சுருங்கியதாக எழுதியிருந்தாலே போதும். என் சீட்டில் அப்படித்தான் இருந்தது.

முதலில் பார்த்த ரெக்ரூட்டர், அதாவது படைக்கு ஆள் சேர்க்கும் அலுவலர், "அதை ஏன் எழுதுகிறாய், யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார். அன்று இரவு தூக்கமே வரவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவர் இல்லை, நான். மறைத்துச் சேர்ந்தால் அது மோசடிச் சேர்க்கை. இராணுவச் சட்டத்தில் அதற்கென்றே 104ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மறைக்கவும் முடியாது. மெப்ஸ் என்கிற பரிசோதனை மையங்களில் 2022 முதல் ஜெனிசிஸ் என்ற கணினி முறை வந்துவிட்டது. பழைய மருந்துச் சீட்டு, ஆஸ்பத்திரிப் பதிவு எல்லாம் அதில் வந்து விழும்.

வேறொரு ரெக்ரூட்டரிடம் போனேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, காகிதங்களை முதலில் சேர்" என்றார். எனக்குக் கிடைத்த நல்ல ஆலோசனை அதுதான். சேரலாமா என்று யோசிக்கும்போதே பழைய பதிவுகளைக் கேட்டு எழுதிப் போட்டுவிடுங்கள், வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். எந்த கிளினிக், எந்த மாதம் என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் நினைவிருந்தது. மருந்துக்கடை கொடுத்த அச்சுத்தாளில் ஒரே ஒரு வரி: இன்ஹேலர் ஒன்று, மறுபடி வாங்கியது இல்லை. அந்த வரியை எத்தனை முறை தடவிப் பார்த்தேனோ தெரியாது.

மெப்ஸில் காது, கண், ரத்தம், சிறுநீர், குத்துக்காலிட்டு வாத்து நடை என்று ஒரு நாள் ஓடியது. கடைசியில் மருத்துவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு 'நிரந்தரத் தகுதியின்மை' என்று குறித்தார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம்தான் ரெக்ரூட்டர் விளக்கினார்: மெப்ஸ் மருத்துவர் விதியைப் பார்த்துக் குறிப்பவர் மட்டும்தான். வெய்வர், அதாவது விதிவிலக்கு, கொடுப்பது நாம் சேரவிருக்கும் படையின் மருத்துவப் பிரிவு. ஒரு படை மறுத்ததை இன்னொரு படை ஏற்பதும் உண்டு.

கோப்பு போனது. நுரையீரல் பரிசோதனை வேண்டும் என்று பதில் வந்தது. மெத்தகோலின் என்ற மருந்தைப் புகையாக இழுக்கவைத்து, ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டி, குழாயில் ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளிவரும் காற்று 20 சதவீதம் குறைந்துவிட்டால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று அர்த்தம். மூக்கில் கிளிப். "ஊது, ஊது, இன்னும், இன்னும்" என்று பரிசோதனை செய்த பெண் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது சுற்றில் நெஞ்சு லேசாக இறுகியது போலிருந்தது, பயந்துவிட்டேன். திரையில் கோடு அதிகம் இறங்கவில்லை. எனக்கு 4 சதவீதம்தான் குறைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் ஒரு தகவலும் இல்லை. தினமும் ஓடினேன். ரெக்ரூட்டரை வாரம் ஒருமுறைக்கு மேல் தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவரே அழைத்தார். "வந்துவிட்டது" என்றார். அம்மாவிடம் சொல்லும்போது எனக்குக் குரல் வரவில்லை.

பயிற்சிக்குக் கிளம்பும் அன்று மறுபடி மெப்ஸ். "போன முறைக்குப் பிறகு உடம்பில் ஏதாவது மாற்றம் உண்டா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எழுதிக்கொண்டு, உறுதிமொழி எடுக்கும் அறையைக் காட்டினார்கள்.