பேரணியை விட ஒரு பம்பு மேல்

வண்டியைக் குறையுங்கள், சைக்கிள் ஓட்டுங்கள் என்று பேனர் பிடித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பேரணி போகிறார்கள். டீ-ஷர்ட் மிச்சம். திங்கட்கிழமை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கக் கிளம்புகிறவர் ஸ்கூட்டர் சாவியைத்தான் தேடுவார்.

வடசென்னைக்குப் பிரசாரம் தேவையில்லை. மேடு பள்ளமில்லாத ஊர் இது. கொருக்குப்பேட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டையிலிருந்து காசிமேடு எல்லாம் மூன்று கிலோமீட்டருக்குள்தான். நிதானமாக மிதித்தால் கால் மணி நேரம். சைக்கிளும் பல வீடுகளில் இருக்கிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள், காற்றிறங்கி மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. தெருவுக்கு ஒரு நாள் அவற்றை வெளியே இழுத்துச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது. ஃபுட் பம்பு ஒன்று, ஸ்பேனர் செட், பஞ்சர் ஒட்டும் சாமான், மண்ணெண்ணெய் அல்லது டீசல் அரை லிட்டர், மெஷின் ஆயில், வால்டியூப் (வால்வில் மாட்டும் சிறு ரப்பர் குழாய்) கொஞ்சம் போதும்.

காற்று நிற்கவில்லை என்றதும் பஞ்சர் என்று ட்யூபைக் கழற்றாதீர்கள். வால்வ் வாயில் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் குற்றவாளி வால்டியூப்தான். நாள்பட நின்ற சைக்கிளில் அந்த ரப்பர் இற்றுப்போயிருக்கும். மாற்றச் சில ரூபாய்தான் ஆகும். காற்றில்லாமல் மாதக்கணக்கில் நின்றிருந்தால் டயரின் பக்கவாட்டையும் பாருங்கள். வெடிப்பில் நூல் தெரிந்தால் டயரை மாற்றியே ஆகவேண்டும், ஒட்டி ஓட்டக்கூடாது.

கடல்காற்று செயினைத் தின்னும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு ஆயில் விட்டு, மேலே வழிவதைத் துணியால் எடுத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். பிசினாகித் தூசியைச் சேர்க்கும். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆடலாம். அதற்கு மேல் தொய்ந்தால் கழலும். பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் பட வேண்டும், டயரில் உரசினால் ஓரம் அறுந்துவிடும். மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று கேட்டால், பெடலைத் தாங்கும் கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பின்னோடு கிராங்கும் போய்விடும்.

பையனுக்கு வைத்த சீட் உயரத்திலேயே அம்மா ஓட்டினால் முட்டி வலிக்கும். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மடங்கினால் உயரம் சரி.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலும் மணலிப் பக்கமும் கண்டெய்னர் லாரிக்கு இடப்பக்கம் ஒருபோதும் நுழையாதீர்கள். லாரி திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத்தைவிட உள்ளே தள்ளி வரும். டிரைவருக்கு அந்த இடம் கண்ணில் படாது. பிள்ளைகளைத் தனியாக அனுப்ப அது பாதையே இல்லை. உள்தெரு வழியைப் பெரியவர்கள் ஒருமுறை கூடவே ஓட்டிக் காட்டுங்கள். ரயில்வே கேட்டில் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் மாட்டும்.

நடைக்கு வருவோம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை நீண்டது. டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி ஸ்டேஷன்களுக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் பைக்கில் வந்து பார்க்கிங் காசு கொடுக்கிறார்கள். நடந்தால் பன்னிரண்டு நிமிடம். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம், ஆனால் நடைபாதையைப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. சாலை அமைப்புக்கு விதி வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும், ஓரக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது. நம் தெருவில் இ.பி. பெட்டி, வீட்டுப் படி, பைக் சாய்தளம் போக மீதி எவ்வளவு? டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு பேர் அளந்து பாருங்கள்.

மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண்ணான 1913-ஐ அழைத்து 'நடைபாதை சரியில்லை' என்று மட்டும் சொன்னால் பயனில்லை. கதவு எண், எதிரிலுள்ள கடை, மீதமுள்ள அகலம், இடிந்த வடிகால் மூடியின் நீள அகலம் எல்லாம் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். ஒரு புகாருக்கு ஓர் இடம் மட்டும்; பத்தையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு முழுவதையும் முடித்ததாக மூடிவிட வழியாகும்.