கரும்பலகையில் இரண்டு குன்றுகள்

எங்கள் சரித்திர மாஸ்டருக்கு, 1896இல் எத்தியோப்பியா இத்தாலியை வென்ற அட்வாப் போர் என்றால் முதலில் தண்ணீர், பிறகு சாப்பாடு, அதற்கும் பிறகுதான் துப்பாக்கி. கரும்பலகையில் படம் கீறி முடித்துவிட்டுத்தான் வாய் திறப்பார்.

தொடக்கம் ஒரு வினைச்சொல். 1889இல் இரு நாடும் எழுதிய உச்சாலி உடன்படிக்கையின் 17ஆம் உறுப்புரை, எத்தியோப்பியரின் அம்ஹாரிக் மொழிப் பிரதியில், எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக் விரும்பினால் இத்தாலி ஊடாக வெளிநாடுகளுடன் பேசலாம் என்றது. இத்தாலியப் பிரதியிலோ பேசியே ஆகவேண்டும். அதைக் காட்டி எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் இருப்பதாக ரோம் அறிவித்தது. மெனலிக் 1893இல் உடன்படிக்கையைக் கைவிட்டார். அதற்குள் அவர் சேர்த்திருந்த துப்பாக்கிகளில் இத்தாலி கொடுத்தவையும் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் மாஸ்டர் சிரிப்பார்.

1896 ஜனவரி, மெக்கெலே. அங்கே இத்தாலியர் இருந்த கோட்டைமீது நேரே ஏறிய எத்தியோப்பியர் பலர் மடிந்தார்கள். கோட்டைக்குத் தண்ணீர் தந்த ஊற்று மதிலுக்கு வெளியே இருந்தது. அதைப் பிடிக்கச் சொன்னவர் பேரரசி தாய்த்து. ஊற்று கைமாறியதும் உள்ளே தண்ணீரை அளந்து கொடுக்கவேண்டி வந்தது. அந்த மாதமே கோட்டை பணிந்தது.

பெப்ரவரி முடிவில் அட்வாப் பக்கம் இரு படைக்கும் தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. பெரும்படை வைத்திருந்த மெனலிக்கின் பாடு இன்னும் மோசம். சில நாள் பொறுத்திருந்தால் அவரே பின்வாங்கியிருக்கலாம். ஆனால் இத்தாலியப் பிரதமர் கிறிஸ்பியின் குத்தலான தந்தி அவருடைய தளபதி பரத்தியேரியைப் பொறுக்கவிடவில்லை.

29ஆம் திகதி இரவு இத்தாலியப் படையில் ஏறத்தாழ 17,700 பேர் 56 பீரங்கிகளோடு புறப்பட்டார்கள். இங்கேதான் மாஸ்டர் இரண்டு குன்றுகளுக்கு ஒரே பெயரை எழுதுவார்: கிடானே மெரெட். இடப்புற அணித்தலைவர் அல்பெர்தோனே நிற்கவேண்டிய குன்றென்று இத்தாலியரின் படம் காட்டியது ஒன்று. ஊர்க்காரர் அப்பெயரால் அழைத்த குன்று சில கிலோமீற்றர் முன்னால். வழிகாட்டி சொன்னதைக் கேட்டு அவர் நடந்தார். விடியும்போது மெனலிக்கின் படைக்கு முன் தனியாக நின்றார். நடுவே விழுந்த இடைவெளியால் எத்தியோப்பியர் புகுந்து ஒவ்வோர் அணியாக முறித்தார்கள். பீரங்கி ஒன்றுகூடத் திரும்பவில்லை.

இத்தாலியின் 1935 படையெடுப்பை ஒரே பாடவேளையில் முடித்துவிடுவார். விமானங்கள் தோலை எரிக்கும் கடுகு வாயுவைப் பொழிந்தபோது வெறுங்காலோடு வந்த போராளிகளுக்கு ஒதுங்க இடமில்லை. 1936 மார்ச் 31இல் மாய்ச்சேவில் எத்தியோப்பியர் நேருக்கு நேர் மோதியது பிழை என்பது அவர் கட்சி. பிறகு 'அர்பெஞ்ஞோச்' என்ற நாட்டுப்பற்றாளர்கள் மலைகளில் இருந்துகொண்டு வீதிகளை மறித்தார்கள், காவலரண்களைத் தாக்கினார்கள், பறித்த துப்பாக்கியாலேயே சுட்டார்கள். 1941 வரை இத்தாலியருக்கு நகரங்களுக்கு வெளியே நிம்மதி இல்லை.

சோதனைத் தாளில் "அட்வா: படம் கீறுக" என்று வரும். ஒரு குன்று மட்டும் கீறியவருக்குப் பாதிப் புள்ளிதான்.