பிர்னாவுக்குப் போன தாள்கள்

நாஜி ஆட்சிக்கால ஜெர்மனியில் விக்டர் க்ளெம்பரர் எழுதிய டைரியைப் படிக்கத் தொடங்கும் முன், அந்தத் தாள்கள் எப்படிப் பிழைத்தன என்று தெரிந்துகொள்வது நல்லது. உள்ளே இருப்பதன் கனம் அப்போதுதான் புரியும்.

ஆள் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1881-இல் பிறந்தவர், ஒரு ரபியின், அதாவது யூத மதகுருவின், மகன். இளம் வயதிலேயே புராட்டஸ்டன்ட் ஆகிவிட்டார். முதல் உலகப்போரில் ஜெர்மனிக்காகப் போர்முனைக்குப் போனவர். 1920 முதல் டிரெஸ்டன் நகரின் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் பேராசிரியர், துறை பிரெஞ்சு இலக்கியம். 1933-இல் யூதப் பேராசிரியர்கள் பலரின் வேலை பறிபோனபோது, முன்னாள் போர்வீரர் என்ற விலக்கால் இவர் தப்பினார். 1935-இல் அதுவும் போயிற்று. மனைவி ஏவா யூதர் அல்லர், நாஜிகளின் கணக்கில் 'ஆரியர்'. அந்த ஒரு காரணத்தால்தான் க்ளெம்பரர் நாடுகடத்தப்படாமல் 1945 வரை தாக்குப்பிடித்தார்.

இந்தக் கலப்பு மண விஷயத்தில் பலர் தடுமாறுவதுண்டு. யூதரல்லாதவரை மணந்த யூதர் எல்லோருக்கும் ஒரே சலுகை இருக்கவில்லை. கணவர் யூதராக இருந்து பிள்ளைகளும் இல்லையென்றால், அது 'சலுகை பெற்ற' திருமணம் ஆகாது. க்ளெம்பரர் தம்பதிக்குக் குழந்தை இல்லை. ஆகவே அவர் மஞ்சள் நட்சத்திரம் அணிந்தே ஆகவேண்டும். தங்கள் சொந்த வீட்டை விட்டு 'யூத வீடு' என்று ஒதுக்கப்பட்ட கட்டடத்துக்கு இருவரும் குடிபோகவேண்டும். 1940-இல் போனார்கள். அதன்பின் இன்னும் இரண்டு முறை மாற்றப்பட்டார்கள். நட்சத்திரம் 1941 செப்டம்பர் 19 முதல் கட்டாயம். உள்ளங்கை அளவு மஞ்சள் துணி, இடது மார்பில் தைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு 10 ஃபெனிக் காசும் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

இனி தாள்கள். யூதர்கள் தட்டச்சுப்பொறி வைத்திருக்கக் கூடாது என்று ஆனதும் எல்லாம் கையெழுத்துக்கு வந்தது. தனித்தாள்களில் எழுதுவார். நோட்டுப் புத்தகமென்றால் ஒளிப்பது கடினம், அகப்பட்டால் மொத்தமாக அகப்படும். தாள்கள் கொஞ்சம் சேர்ந்ததும் ஏவா அவற்றை எடுத்துக்கொண்டு, டிரெஸ்டனிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிர்னாவுக்குப் போவார். அங்கே அவர்களுடைய தோழி, அன்னமாரி கோலர் என்ற மருத்துவர், தன் மருத்துவமனையில் மறைத்து வைப்பார். க்ளெம்பரர் தானே போக வழியில்லை. ஊர் எல்லையைத் தாண்டுவதும் ரயில் நிலையத்துக்குள் கால்வைப்பதும் யூதர்களுக்குத் தடை. ஆக, எழுதியவர் ஒருவர், சுமந்தவர் ஒருவர், காத்தவர் ஒருவர். புத்தக அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

ஆபத்தான இடைவெளி, எழுதிய நாளுக்கும் ஏவா அடுத்து பிர்னா போகும் நாளுக்கும் நடுவில் இருப்பது. நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோ எந்நேரமும் சோதனைக்கு வரலாம். வந்தால் அடிப்பார்கள், முகத்தில் துப்புவார்கள், மாவையும் சர்க்கரையையும் தரையில் கொட்டுவார்கள். ஏவாவும் அறை வாங்கியிருக்கிறார். தாள்கள் பெரிய அகராதிகளுக்கு நடுவே செருகப்பட்டிருக்கும். ஒரு பக்கம் சிக்கினால் போதும், எழுதியவரோடு முடியாது. உள்ளே பெயர் சொல்லப்பட்ட அத்தனை பேருக்கும் ஆபத்து. இது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது, டைரியிலேயே எழுதியிருக்கிறார். ஆனாலும் நிறுத்தவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது? பெரிய சம்பவங்களை எதிர்பார்த்துப் போனால் முதல் நூறு பக்கங்களில் அலுப்பு தட்டும். பல்வலி, கடன், வீடு கட்டும் செலவு, பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டப் பழகும் கூத்து. (அந்த ஓட்டுநர் உரிமத்தை 1938 டிசம்பரில் பறித்துவிட்டார்கள்.) அந்த அலுப்பைத் தாண்டித்தான் ஆகவேண்டும். வாழ்க்கை எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தானே எவ்வளவு போயிற்று என்று தெரியும். கொசுக்கடி ஆயிரம் சேர்ந்தால் தலையில் விழும் ஓர் அடியைவிட மோசம், நான் கொசுக்கடிகளைக் குறித்துவைக்கிறேன் என்ற பொருளில் அவரே 1944-இல் எழுதினார்.

அவசரக்காரர்கள் 1942 ஜூன் 2-ஆம் தேதிப் பதிவையாவது படிக்கவேண்டும். அதுவரை வந்த தடைகளை ஒவ்வொன்றாக எண்போட்டு எழுதுகிறார். வானொலி, தொலைபேசி, திரையரங்கு, அருங்காட்சியகம் கூடாது. பத்திரிகை வாங்கக் கூடாது. பூ வாங்கக் கூடாது. முடிதிருத்தகம் போகக் கூடாது. மீன் கூப்பன் கிடையாது, துணி அட்டை கிடையாது. சாய்வு நாற்காலியை ஒப்படைக்கவேண்டும். நாய், பூனை, பறவை வளர்க்கக் கூடாது. கடைக்குப் போக நாளுக்கு ஒரு மணி நேரம். கடைசியில், இவையெல்லாம் சேர்ந்தும் சோதனை, அடி, சிறை, முகாம், கொலை என்ற ஓயாத மிரட்டலுக்கு முன் ஒன்றுமில்லை என்று முடிக்கிறார். பட்டியலில் வெறும் சொல்லாக வரும் பூனைக்குப் பின்னால் நிஜப் பூனை ஒன்று உண்டு: மூஷெல். அடுத்தவர் கையில் கொடுக்கவும் அனுமதி இல்லை. தாங்களே மருத்துவரிடம் கொண்டுபோய் அதன் உயிரைப் போக்கவேண்டியதாயிற்று.

தன்னையும் அவர் விட்டுவைப்பதில்லை. பசி தாங்காமல் உடன் குடியிருந்த பெண்மணியின் ரொட்டியில் துண்டு திருடியதையும் எழுதிவைத்திருக்கிறார்.

படிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று. 1942 மார்ச்சில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமின் பெயர் முதன்முதலாக வருகிறது, அதுவும் 'அல்லது அதுபோல் ஏதோ' என்ற ஐயத்தோடு. சுரங்க வேலை, சில நாளில் சாவு என்று கேள்விப்பட்டதை எழுதுகிறார். ஆஷ்விட்ஸில் என்ன நடந்தது என்பதற்கு இது ஆதாரம் அல்ல. டிரெஸ்டனில் நட்சத்திரம் அணிந்த ஒருவரின் காதுக்கு அந்த மாதம் எது எட்டியது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது. வதந்தியை வதந்தியாகவே எழுதுவதும், பிறகு வந்து திருத்தாமல் விடுவதும் இந்த டைரியின் பலம்.

மொழிக்கு வருவோம். 1938 இறுதியில் நூலகக் கதவு முழுதாக மூடியதும் பிரெஞ்சு இலக்கிய ஆராய்ச்சி நின்றுபோனது. மிச்சம் இருந்தது காதில் விழும் ஜெர்மன்தான். தொழிற்சாலைக் கட்டாய வேலையில் உடன் இருப்பவர் பேச்சு, செய்தித்தாளின் மரண அறிவிப்பு, சுவரொட்டி எல்லாவற்றையும் 'எல்டிஐ' என்ற தலைப்பின் கீழ் குறித்தார். 'மூன்றாம் ரைகின் (நாஜி அரசின்) மொழி' என்பதன் லத்தீன் சுருக்கம் அது. சுருக்கப் பெயர்களின்மேல் நாஜிகளுக்கு இருந்த மோகத்துக்கு ஒரு கேலி, அந்நியர் கண்ணுக்கு ஒரு மறைப்பு. 'வெறிகொண்ட' என்பது எப்போது பாராட்டுச் சொல்லானது என்பது போன்ற விசாரணைகள். அந்தக் குறிப்புகளிலிருந்து பிறந்த நூல் 1947-இல் வந்தது. டைரியோ அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1995-இல்தான் அச்சேறியது.

1945 பிப்ரவரி 13 காலை, மிச்சமிருந்த யூதர்களில் பலருக்கு நாடுகடத்தல் உத்தரவை வீடுவீடாகக் கொடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. அன்றிரவு டிரெஸ்டன்மேல் நேச நாட்டு விமானங்களின் குண்டுகள். நெருப்பில் பிரிந்த இருவரும் மறுநாள் சந்தித்தார்கள். ஏவா பேனாக்கத்தியால் நட்சத்திரத்தை அறுத்தெடுத்தார். ஓட்டத்தின்போது Klemperer என்ற பெயர் Kleinpeter ஆயிற்று: m-க்கு மேல் ஒரு புள்ளி வைத்து in, r-க்குக் குறுக்கே ஒரு கோடிழுத்து t. 'க்ளைன்பீட்டர்' சாதாரண ஜெர்மன்காரர்.

பவேரியக் கிராமம் ஒன்றில் அகதியாக இருந்தபோது, பெர்லினிலிருந்து வந்த ஓர் உழைப்பாளிப் பெண்ணைச் சந்தித்தார். ஒரு வருடம் சிறையில் இருந்தவள். எதற்காக என்று கேட்டார். "சில வார்த்தைகளுக்காக" என்றாள். குறிப்புகளை நூலாக்குவது என்று அப்போதுதான் முடிவெடுத்ததாக எழுதுகிறார். ஜூனில் டிரெஸ்டன் திரும்பினார்கள். தாள்கள் பிர்னாவில் அப்படியே இருந்தன.