மதக் கட்டமும் சாதிக் கட்டமும்

தமிழ்நாட்டின் மக்கள்தொகையைப் பற்றி யார் எழுதினாலும் 2011 கணக்கெடுப்பின் எண்களில்தான் தொடங்குவார்கள். மொத்தம் 7.21 கோடிப் பேர். அவர்களில் இந்துக்கள் 87.58 விழுக்காடு, கிறித்தவர்கள் 6.12, முஸ்லிம்கள் 5.86, பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 20 விழுக்காடு, பழங்குடியினர் 1.1. இவற்றுள் பட்டியல் சாதி எண்ணை மட்டும் நான் ஐயத்துடனேயே படிப்பேன். பார்வைக்குச் சாதிக் கணக்காக இருக்கும் அதற்குள் ஒரு மதக் கணக்கும் ஒளிந்திருக்கிறது.

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, பஞ்சாப் பகுதியின் சில சீக்கியச் சாதிகளைத் தவிர, இந்துக்களை மட்டுமே அந்தப் பட்டியலில் சேர்த்தது. 1956இல் மற்ற சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறியவர், சேரியில் அதே தெருவில் அதே வீட்டில் இருந்தாலும், பட்டியலை விட்டு வெளியேறிவிடுகிறார். ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவரானவர்களைத் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே அந்த 20 விழுக்காட்டில் அவர்கள் இல்லை.

இது எந்த மாவட்டத்தில் நன்றாகத் தெரியும் என்று கேட்டால் கன்னியாகுமரியைச் சொல்வேன். கீழத்தஞ்சையின் நெல்வயல்களைக் கொண்ட திருவாரூரில் பட்டியல் சாதியினர் 34 விழுக்காட்டுக்கு மேல். கன்னியாகுமரியிலோ 4 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு, மாநிலத்திலேயே மிகக் குறைந்த பங்கு. குமரியில் நாடார்களும் மீனவர்களும் பெரும் எண்ணிக்கையில் இருப்பது ஒரு காரணம் என்றால், மாவட்டத்தில் 46.85 விழுக்காட்டினர் கிறித்தவர்களாக இருப்பது இன்னொரு காரணம். அன்று தென் திருவிதாங்கூராக இருந்த இந்தப் பகுதியில் சீர்திருத்தக் (புராட்டஸ்டண்ட்) கிறித்தவம் 1800களின் தொடக்கத்தில் மயிலாடியில் வேர்விட்டபோது அதற்கு வழிவகுத்த வேதமாணிக்கம், பட்டியல் சாதிகளுள் ஒன்றான சாம்பவர் சமூகத்தவர். அவர் வழியில் வேதத்துக்கு வந்தவர்களின் வழியில் கிறித்தவர்களாகவே பதிவானவர்கள் எவரும் இன்று அந்த 4 விழுக்காட்டுக்குள் வரமாட்டார்கள்.

நாகர்கோவிலுக்கு அருகே என் கல்லூரி நண்பர் ஒருவரின் வீட்டில் இதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். அவருடைய அப்பா ஞாயிறுதோறும் வேதக்கோயிலுக்குப் போனவர். அம்மா ஞானஸ்நானம் பெறவே இல்லை. மூத்தவரைப் பள்ளியில் சேர்த்தவர் அம்மாவின் அப்பா, அவர் ‘இந்து சாம்பவர்’ என்று எழுதினார். இளையவரான என் நண்பரை மிஷன் பள்ளியில் சேர்த்தவர் அப்பா, அவர் ‘கிறிஸ்தவர்’ என்று எழுதினார். பீரோவின் மேல்தட்டில், ரேஷன் அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறைக்குள், இரண்டு சாதிச் சான்றிதழ்களும் இருக்கின்றன. ஒன்றில் பட்டியல் சாதி, மற்றொன்றில் பிற்படுத்தப்பட்டோர். அண்ணன் 18 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் போட்டியிட்டார், தம்பி 26.5 விழுக்காட்டில், தலைமுறைகளாக நிலமும் கடையும் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளோடு போட்டியிட்டார். தனித்தொகுதியில் நிற்கும் உரிமையும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அண்ணனுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை.

பக்கத்துத் தெரு நாடார் வீட்டில் இந்தச் சிக்கலே கிடையாது. அங்கே ஒரு மகன் முத்தாரம்மன் கோயிலுக்கும் இன்னொருவன் சிஎஸ்ஐ சபைக்கும் போனாலும் இருவரும் பிற்படுத்தப்பட்டோர்தான். கடற்கரை மீனவச் சமூகமான பரவர் கதை இன்னும் விந்தையானது. தூத்துக்குடியில் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர், மதம் மாறினாலும் அதே பட்டியல். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் அதே பெயர் பட்டியல் சாதியில் வருகிறது. இரண்டும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதிகள். மாநில எல்லை நகர்ந்த பின்பும் பட்டியலின் எல்லை நகரவில்லை.

முஸ்லிம்களுக்குள்ளும் இத்தகைய அடுக்குகள் உண்டு. மரைக்காயர், ராவுத்தர், லெப்பை, தக்னி என்று ஊரில் வழங்கும் பெயர்கள் கணக்கெடுப்பின் ஒற்றை எண்ணில் கரைந்துவிடுகின்றன. 2007இல் முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் தலா 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரப்பட்டபோது, கிறித்தவத் தலைவர்களே அதனால் தங்களுக்கு இழப்புதான் என்று சொல்லி அடுத்த ஆண்டு திரும்பப் பெறச் செய்தார்கள் என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். சமணர்களைப் பற்றி ஒரு வரி: மேல்சித்தாமூரைத் தலைமை மடமாகக் கொண்ட தமிழ் நயினார்களும் சென்னை சௌகார்பேட்டை மார்வாடி வணிகர்களும் ‘ஜைனர்’ என்ற ஒரே எண்ணில் அடங்குகிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்காத இரு கூட்டங்களைச் சேர்த்துக் கூட்டிய தொகை எதைக் காட்டும் என்று எனக்கு விளங்கியதில்லை.

2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. 1931க்குப் பிறகு அப்படி ஒரு முழுக் கணக்கு வெளிவந்ததில்லை. சாதியை எண்ணுவதால் சாதி வளரும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் எண்ணாமல் விட்ட இந்தத் தொண்ணூற்றுச் சொச்ச ஆண்டுகளிலும் அது மெலிந்துவிடவில்லை. என் அக்கறையெல்லாம் கிறித்தவர் சொல்லும் சாதியையும் முஸ்லிம் சொல்லும் சாதியையும் அவர்கள் சொன்னபடியே குறித்து, மதவாரியாகப் பிரித்து வெளியிடுவார்களா என்பதில்தான் இருக்கிறது. அது நடந்தால்தான் 20 என்ற எண்ணுக்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தெரியவரும்.

நண்பரின் அண்ணன் மகளை வரும் ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். கொள்ளுத்தாத்தா எழுதியதையே எழுதுவதென்று அவர் முடிவு செய்துவிட்டார். நண்பருக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. சபை மூலமாக வரும் தரகர், பெண் வீட்டாரைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே, ‘நீங்க சாம்பவர்தானே?’ என்று கேட்டு உறுதி செய்துகொள்கிறார். சான்றிதழில் எந்தப் பட்டியல் இருக்கிறது என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லையாம்.