பேரிங் மேல் பழி போடாதீர்கள்

மில்லில் 50 எச்பி மோட்டார் ஒன்று, 1480 ஆர்பிஎம், ஏர் பிளான்ட் ஃபேனை ஓட்டுவது, இரண்டு வாரமாக உதறிக்கொண்டே இருந்தது. அதிர்வு மீட்டரில் 7 மி.மீ/செ. "பேரிங்தான் தம்பி"ன்னு ஃபிட்டர் அண்ணன் சொல்ல, புதுசு போட்டோம். அதே 7. அப்புறம் ரோட்டரை (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) கழற்றி, எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் பேலன்ஸிங்குக்கு அனுப்பலாமா என்று பேச்சு.

நேற்று மீட்டரை வைத்துக்கொண்டே ஸ்விட்ச்சை அணைக்கச் சொன்னேன். ஃபேன் இன்னும் நல்ல வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அதிர்வு மட்டும் அந்த நொடியே பொத்தென்று விழுந்தது! பேலன்ஸ் கோளாறாக இருந்தால் வேகம் குறையக் குறையத்தானே இறங்கும்? அதிர்வை ஹெர்ட்ஸ் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்திலும் பெரிய உச்சம் 100 ஹெர்ட்ஸில், அதாவது நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரட்டிப்பில். அப்படியென்றால் கோளாறு கரண்ட் ஓடும்போது வரும் காந்தத்தில்தான்: காந்த இழுப்பு ஒரு பக்கமாக இருக்கிறது, சரி, ஏன்?

மோட்டாரை நிறுத்தி, அதன் காலில் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தினால், பின்பக்க இடது கால் 0.30 மி.மீ எழும்பியது. அடியில் துருப்பிடித்த ஷிம் (உயரம் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு), அதன்மேல் பழைய பெயின்ட். அந்தக் காலை வம்படியாக இறுக்கியதில் மோட்டார் பாடியே முறுக்கி, ரோட்டரைச் சுற்றியுள்ள ஏர் கேப் (காற்று இடைவெளி) கோணலாகியிருக்கிறது. சுரண்டித் துடைத்து, ஒரே ஒரு ஸ்டெயின்லெஸ் ஷிம். இப்போது 1.6.

பேரிங் காசு போனது போனதுதான்.