எக்ஸ்பல்ஸில் ராலி கிட்: காவேரிப்பட்டணம் கரட்டுக்கு ஏற்றபடி செட் செய்தது

என் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்குக்கு ராலி கிட் (கரடுமுரடான தரையில் ஓட்டுவதற்கான சஸ்பென்ஷன், சீட், டயர் எல்லாம் அடங்கிய தொகுப்பு) போட்டு, செட்டிங் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கிட் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். கிட்டில் என்ன வருகிறது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மாட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் விரிவாகச் சொல்வதில்லை.

முதலில் நிலம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாமாவுக்கு மாந்தோப்பு இருக்கிறது, பெரும்பாலும் பெங்களூரா மரங்கள். தோப்புக்குப் பின்னால் அவருடைய பட்டாவிலேயே ஒரு சின்னக் கரடு. அடிவாரம் செம்மண், நடுவில் சரளை, மேலே வெறும் பாறை. பாறை மேல் உதிரிக் கற்கள் கிடக்கும். கோடையில் செம்மண் இறுகிக் கிடக்கும், மழை பெய்துவிட்டால் டயரோடு அப்பிக்கொள்ளும். இந்த மூன்று தரையிலும் ஒரே வண்டி போக வேண்டும். என் தேவை அவ்வளவுதான்.

கிட் தேர்ந்தெடுக்கும் முறையை நான் கற்றுக்கொண்டது பனி நாட்டுக்காரர்களிடம். அங்கே குளிர்காலத்தில் டர்ட் பைக்கின் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஒற்றைச் சறுக்குப் பலகையும், பின் சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் கழற்றிவிட்டு ரப்பர் ட்ராக்கும் மாட்டுகிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோவில் தொடங்கி, 2015இல் போலாரிஸ் வாங்கிய டிம்பர்ஸ்லெட் இதில் பெயர் பெற்றது. அவர்கள் முதலில் கேட்பது பனி எவ்வளவு ஆழம், ஓட்டுபவர் எடை என்ன, எஞ்சின் எத்தனை சிசி என்பதுதான். 120 அங்குல ட்ராக் சட்டென்று திரும்பும். 137 அங்குலம் ஆழமான பனியில் அமிழாமல் மிதக்கும், ஆனால் அதை இழுக்க எஞ்சினில் வலு வேண்டும். விலைப்பட்டியல் அதற்குப் பிறகுதான் வருகிறது. நமக்கும் அதே வரிசை சரியாக இருக்கும் என்று தோன்றியது.

என் எடை 62 கிலோ, உயரம் 170 செ.மீ. கம்பெனியிலிருந்து வந்த வண்டியில் முன்னால் 190 மி.மீ., பின்னால் 170 மி.மீ. சஸ்பென்ஷன் பயணம், அதாவது சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம். ராலி கிட்டில் அது 250, 220 ஆகிறது. சீட் உயரம் 825இலிருந்து 885 மி.மீ.-க்குப் போகும். தட்டையான சீட், ஹேண்டில்பார் ரைசர், நீளமான கியர் லிவர், நீளமான சைடு ஸ்டாண்டு, பட்டன் டயர் எல்லாம் சேர்ந்துதான் வரும். 2022இல் இதன் விலை சுமார் 46,000 ரூபாய். தார் ரோட்டில் மட்டும் ஓட்டுபவர்கள் இந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பாறையில் அடிவயிறு தட்டுகிறது, பள்ளத்தில் ஷாக் முட்டுகிறது என்றால் மட்டும் யோசியுங்கள். எனக்கு இரண்டுமே நடந்துகொண்டிருந்தன.

பொருத்தியது கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம், எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம். போல்ட்டுகளை முறுக்கி முடித்ததும் அவர் சாவியைக் கொடுக்கவில்லை. "தம்பி, ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாரு, எங்கயாச்சும் ஒயர் இழுக்குதா"ன்னார். ரைசரால் ஹேண்டில்பார் மேலே போய்விடுகிறது, முன் ஷாக்கான ஃபோர்க்கும் முன்பைவிட அதிகம் நீள்கிறது. அதனால் கிளட்ச் ஒயர், ஆக்சிலரேட்டர் ஒயர், பிரேக் ஹோஸ் மூன்றையும் முன் சக்கரம் தரையில் படாமல் தொங்கும் நிலையில் பார்க்க வேண்டும். இடது கோடியில் கிளட்ச் ஒயர் விறைத்தது. அதன் வழியை மாற்றி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் விட்டுக் கட்டினார்.

செயின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஷாக் நீளமாகும்போது ஸ்விங் ஆர்ம் முன்பைவிடக் கீழே சாய்ந்து நிற்கும். அந்த நிலையில் செயின் தொளதொள என்று தெரியும். அதைப் பார்த்து இறுக்கிவிட்டால், பள்ளத்தில் ஷாக் அமுங்கும்போது செயின் விறைத்து கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். முன் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) மையம், ஸ்விங் ஆர்ம் பிவட் (அது அசையும் அச்சு), பின் ஆக்சில் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயினுக்கு அதிக இழுப்பு. லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட்டைப் போட்டு வண்டியை அமுக்கி, மூன்றும் நேராக வந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் மிச்சம் இருக்கும்படி வைத்தோம். பெல்ட்டை எடுத்ததும் செயின் தொய்ந்துதான் தெரிகிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது ஸேக், அதாவது நம் பாரத்துக்கு ஷாக் எவ்வளவு அமுங்குகிறது என்பது. இது ஒன்றுக்காகவே இந்தப் பதிவை எழுதலாம். பின் ஆக்சிலிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி குறித்துக்கொண்டு மூன்று அளவு எடுக்க வேண்டும்: பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது, வண்டி தன் எடையில் நிற்கும்போது, ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பையோடு நாம் ஏறியபோது. மச்சான் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, மாமா டேப் பிடித்தார். "என்ன மாப்ள, வண்டிக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று கேட்டார். உண்மையில் அதுதான் வேலை. நான் ஏறிய பிறகு மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருக்க வேண்டும். 220 மி.மீ.-க்கு அது 66 முதல் 73 வரை. எனக்கு வந்தது 58. வண்டி எனக்கு அதிக விறைப்பாக இருந்தது. பாறையில் பின் சக்கரம் தரையை விட்டுத் துள்ளிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் புரிந்தது.

ஷாக் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோடு வளையத்தை சி ஸ்பேனரால் தளர்த்தி 70க்குக் கொண்டுவந்தேன். அதோடு நிறுத்தக் கூடாது. ஆள் இல்லாதபோது வண்டி தன் எடைக்கு எவ்வளவு அமுங்குகிறது என்பதையும் திரும்பப் பார்க்க வேண்டும். என்னுடையது 30 மி.மீ. இது இன்னும் அதிகமாக இருந்தால் ஸ்பிரிங்கே என் எடைக்குக் கடினம் என்று அர்த்தம். மிகக் குறைவாக இருந்தால் ஸ்பிரிங் மெல்லியது. எனக்கு விளிம்பில் இருக்கிறது, இதே ஸ்பிரிங்கில் ஓட்டலாம். 80 கிலோ ஆள் என் வளைய அளவை அப்படியே வைத்துக்கொண்டால் அவருக்கு வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும். எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், அளக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிளிக்கர்கள், அதாவது ஷாக் அமுங்கும், எழும் வேகத்தை மாற்றும் திருகுகள். திருகை முழுவதும் உள்ளே மூடி, வெளியே திறக்கும் கிளிக்குகளை எண்ணி நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு திருகு, அதுவும் இரண்டு கிளிக். தோப்பில் வரிசையாக வரும் வரப்புகள்தான் என் சோதனைத் தடம் (சொட்டுநீர்க் குழாய் ஓடும் பக்கம் போவதே இல்லை). ரீபவுண்டு (அமுங்கிய ஷாக் திரும்ப எழுவது) மெதுவாக இருந்தால் முதல் வரப்பில் அமுங்கிய ஷாக் எழுவதற்குள் அடுத்த வரப்பு வந்துவிடும். நாலாவது வரப்பில் ஷாக்குக்குப் பயணமே மிச்சம் இருக்காது. வேகமாக இருந்தால் சீட் இடுப்பை உதைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, உடம்பே சொல்லிவிடும்.

கரடு ஏற முதல் கியர் கொஞ்சம் நீளமாகத் தெரிந்ததால் முன் ஸ்ப்ராக்கெட்டை 13 பல்லிலிருந்து 12 ஆக்கினேன். சுமார் 8 சதவீதம் இழுவை கூடுகிறது. கிருஷ்ணகிரி ஹைவேயில் எஞ்சின் சுற்றும் வேகமும் அதே அளவு கூடுகிறது, எனக்குப் பரவாயில்லை.

காற்றழுத்தம்: செம்மண்ணில் 16 பிஎஸ்ஐ அருமையாகப் பிடிக்கிறது. பாறையில் அதே அளவு வைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும். மேலே போவதாக இருந்தால் 20 வைக்கிறேன். புது டயர் போட்ட பிறகு ஸ்போக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ஏர் ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நம் செம்மண் புழுதி எதையும் விடாது.

எங்கே ஓட்டுவது என்பதையும் சொல்லியாக வேண்டும். அஞ்செட்டி, உரிகம் காடுகளைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கி.மீ. காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. யானைகள் நடக்கும் காடு. அங்கே நம் வண்டிச் சத்தம் கேட்கவே கூடாது. பட்டா நிலம், உரிமையாளரின் சம்மதம், இது போதும். ரோட்டில் ஓட்டுபவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு, ஆர்சியில் உள்ளதை மாற்றும் எந்த வேலைக்கும் ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இப்போதைக்குப் பின் ஷாக் முடிந்தது. முன் ஃபோர்க்கில் ஸேக் 60க்கு வந்திருக்கிறது, ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மூக்கு கொஞ்சம் அதிகமாகக் குனிகிறது. அடுத்த வேலை கம்ப்ரெஷனை (ஃபோர்க் அமுங்கும் வேகத்தைத் தடுப்பது) இரண்டு கிளிக் கூட்டி, அதே வரப்புகளில் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. கூடவே தடித்த ட்யூப் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன்.