அப்பாவின் ரிவால்வர்: உச்சிப்புளியிலிருந்து ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 8, 2025

லைசென்ஸ் ஒருவழியாக என் பேருக்கு மாறி வந்துவிட்டது. 70 வயதைத் தாண்டிவிட்டாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்தாலோ வாரிசு பேருக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று 2016 படைக்கல விதிகளில் இருக்கிறது, அப்பாவுக்கு ரெண்டுமே ஆகிவிட்டது. பக்கத்து ஊரான மண்டபத்தில் ஐஸ் கம்பெனி நடத்திய காலத்தில், ராத்திரி கலெக்‌ஷன் காசோடு வர வேண்டியிருந்ததால் வாங்கியது. அப்போதே இன்னொருவர் கைமாற்றிய உருப்படிதான்.

கான்பூரில் செய்த .32 அளவு ரிவால்வர், ஆறு ரவுண்டு (தோட்டா) போடலாம். இங்கிலாந்துக்காரர்களின் வெப்லி .38 மாடலை வைத்துச் செய்தது, நம்ம நாட்டில் .38 தனியாருக்குக் கிடையாது என்பதால் .32 ஆனது. தாழ்ப்பாளை அமுக்கினால் பேரல் (குழல்) முன்பக்கமாக மடிந்து, நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டர் மேலே எழும்பிக் காலித் தோட்டாக்களைத் தள்ளிவிடும்.

அப்பா கையில் கொடுக்கும்போதே, "இது சிக்குதுடா, பாத்துக்க" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

பிப்ரவரி 9

திறந்து, சிலிண்டரில் தோட்டா உட்காரும் ஆறு அறையும் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தேன், தோட்டா டப்பாவை அடுத்த அறையில் வைத்துப் பூட்டினேன். இந்த வேலையில் இறங்குகிற யாரும் இதை ஒவ்வொரு தடவையும் செய்யத்தான் வேண்டும், நேற்றுப் பார்த்ததெல்லாம் கணக்கில் வராது.

சிலிண்டர் லேசாகச் சுற்றிக்கொண்டே வந்து திடீரென்று இறுகுகிறது. எக்ஸ்ட்ராக்டரைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் கறுப்பாக ஒரு அடை. எரியாத மருந்துத் துணுக்கும் கெட்டிப்பட்ட எண்ணெயும் சேர்ந்து, நகத்தால் கீறினால் பிசின் மாதிரி வருகிறது. இது இருந்தால் நட்சத்திரம் சரியாக உட்காராது. அது ஒரு மயிரிழை தூக்கி நின்றால் போதும், தோட்டாவின் விளிம்பு பின்பக்கத் தகட்டில் உரசி சிலிண்டர் நின்றுவிடும். என்ன எண்ணெய் போட்டீர்கள் என்று கேட்டேன். தேங்காய் எண்ணெய். தென்னந்தோப்பு வைத்திருப்பவர் வேறென்ன போடுவார்! தாவர எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்து இறுகும், துப்பாக்கிக்கு ஆகவே ஆகாது.

மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் போதுமாயிருந்தது. துடைத்த பிறகு டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) போட்டுச் சுற்றினேன், முக்கால்வாசி சிக்கல் போய்விட்டது.

பிப்ரவரி 16

மீதி கால்வாசி இன்றைக்கு. கைப்பிடிப் பலகைகளைக் கழற்றினால் உள்ளே செம்மண் நிறத்தில் துரு. பலகை மறைத்த இடத்தில்தான் அதிகம், வெளியே பளபளப்பு. கடல் உப்போடு வாடைக் காற்று அடிக்கிற ஊரில் இரும்பு இப்படித்தான் ஏமாற்றும்.

இங்கே பலபேர் செய்கிற காரியம், துருவைப் பார்த்ததும் மேலே எண்ணெயை ஊற்றுவது. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். வெளியேற்றாமல் எண்ணெய் பூசினால் உப்பு அடியிலேயே உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். பாம்பனில் படகுக்கு அவுட்போர்டு இன்ஜின் வைத்திருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும், கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டுத்தான் இன்ஜினை நிறுத்துவார்கள். அதே கணக்குதான். அதனால் கொதிக்கக் கொதிக்க நல்ல தண்ணீரை ஊற்றினேன், சூட்டிலேயே ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். அப்புறம் துணி, அப்புறம்தான் மெல்லிய துப்பாக்கி எண்ணெய், அதுவும் தடவித் துடைத்து எடுக்கிற அளவுக்கு.

அப்பாவின் தோல் உறையை இனி அலமாரியில் அதோடு சேர்த்து வைப்பதில்லை. தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அவருக்கு மனசே இல்லை, "உறை இல்லாம எப்படிடா?" என்கிறார். இடுப்பில் கட்டும்போது மட்டும் உறை என்று சமாதானம் சொன்னேன்.

பிப்ரவரி 22

இன்னொரு கோளாறு. ஹாமரை (தோட்டாவை அடிக்கிற சுத்தியலை) மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பார்த்தால், ஹாமர் நிற்பதற்குள் சிலிண்டர் சரியான இடத்தில் வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே போய் உட்கார்ந்துவிடும், குறை தெரியாது. அறைகளுக்குச் சாக்பீஸால் அடையாளம் போட்டுச் சோதித்தேன். எல்லா அறையும் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது, விரலால் தள்ளினால்தான் டக்கென்று விழுகிறது. ஒரே ஒரு அறை மட்டும் இப்படி என்றால் சிலிண்டரின் பின்னால் அந்த அறைக்கான பல் தேய்ந்திருக்கும். எல்லாமே என்றால் சிலிண்டரைத் தள்ளிவிடுகிற கொக்கி மேல்தான் சந்தேகம்.

இப்படியே சுட்டால் அறையும் பேரலும் நேராக இருக்காது. குண்டு ஓரத்தில் சீவிக்கொண்டு போய், ஈயத் துணுக்கு இடுக்கு வழியாகப் பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும். இது என் வேலை இல்லை, மதுரைக்குப் போகணும்.

மார்ச் 3

லைசென்ஸ் புத்தகத்தோடு மதுரைக்கு, அனுமதி பெற்ற ரிப்பேர்காரரிடம். ஐயாவுக்கு என் அப்பா வயசு இருக்கும். சாக்பீஸ் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "அரத்தை எடுக்கலையே தம்பி? அது வரைக்கும் சந்தோஷம்" என்றார். யூட்யூப் பார்த்து அந்தக் கொக்கியை ராவிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய பேராம். தேய்ந்து குட்டையானதை இன்னும் ராவினால் என்ன ஆகும்? புதுக் கொக்கி போட்டு, இந்த சிலிண்டருக்குத் தக்கபடி சரிசெய்து தருவதாகச் சொல்லி, ரசீது எழுதிக் கொடுத்தார்.

பேரல் ஆட்டமும் பார்த்தார். மடிகிற வகையில் தாழ்ப்பாளும் கீலும் தேய்ந்தால் பூட்டிய பிறகும் பேரல் ஆடும், அதற்கு மேல் செலவு பண்ணுவது வீண் என்பது அவர் கட்சி. இது ஆடவில்லை.

மார்ச் 22

ரிவால்வரை வாங்கிக்கொண்டு மதுரையிலேயே ரைபிள் கிளப்பில் சுட்டுப் பார்த்தேன். சிலிண்டர் ஒவ்வொரு அறைக்கும் சுத்தமாகப் பூட்டுகிறது, தெறிப்பு இல்லை. ஆனால் அப்பாவின் பழைய ரவுண்டில் ஒன்று வெடிக்கவில்லை. இலக்கை நோக்கியே பிடித்தபடி அரை நிமிஷம் நின்றேன், தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும். அப்புறம் திறந்து பார்த்தால் பிரைமரில் (தோட்டாவின் அடியில் ஹாமர் அடிக்கிற இடம்) குழி மற்றதைப் போலவே நல்ல ஆழம். ஹாமர் ஸ்பிரிங் வலுவிழந்திருந்தால் குழி ஆழமில்லாமல் இருந்திருக்கும், அதனால் இது தோட்டாவின் கோளாறுதான். எத்தனை வருஷம் உச்சிப்புளி ஈரத்தில் கிடந்ததோ! பழைய டப்பாவை ரிப்பேர் செய்த கடையிலேயே ஒப்படைத்துவிட்டு, புது ரவுண்டு வாங்கி லைசென்ஸில் பதிந்துகொண்டு ஊருக்குத் திரும்பினேன்.